பச்சைப் பொட்டு வைத்த தங்கப் பெட்டி

அம்சவள்ளியின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கட்டியிருப்பது மீன் பெட்டி. சுங்கை செம்பிலாங் படகுத்துறையில் வாங்கிய வெள்ளை நுரைப்பெட்டி. எலுமிச்சையும் உப்பும் போட்டு ஏழு முறை கழுவி, மூன்று நாள் காயவைத்தாள். மனிதர் மூக்குக்கு வாசனை போய்விட்டது. பூனைகளின் மூக்குக்குப் போகவில்லை. அவள் தோட்டத்து லயங்களுக்குள் நுழைந்தால் பின்னால் நாலைந்து பூனைகள் ஊர்வலம் வரும்.

புதிதாகக் குடிவந்தவர்கள் தட்டோடு ஓடிவருவார்கள். "மீனு என்னா வெல?"

"மீனு இல்லக்கா. மொகத்துக்குப் போடுற கிரீம்."

"கிரீமுக்கு எதுக்கு ஐஸ் பெட்டி? அது என்னா பொணமா?"

"நம்ம ஊரு வெயில்ல ரெண்டும் ஒண்ணுதான்க்கா. வெளிய வெச்சா கெட்டுடும்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்தப் பாடத்தை அவள் சிரித்துக்கொண்டு படிக்கவில்லை.

பதினோரு ஆண்டுகள் செம்பனை நாற்றங்காலில் வேலை செய்தவள் அம்சவள்ளி. கறுப்புப் பைகளில் மண் நிரப்பி, உரம் போட்டு, அவள் விரல்கள் வெடித்துப் போயிருந்தன. கல்யாண வீடுகளில் சேலைத் தலைப்புக்குள் கைகளை மறைத்துக்கொண்டு உட்காருவாள். யாராவது கைகொடுத்தால் கும்பிட்டு நழுவிவிடுவாள். ஒருமுறை உடன் வேலை செய்த பெண் கொடுத்த ஒரு டப்பா கிரீமை நாற்பது நாள் தடவினாள். நாற்பத்தோராவது நாள் காலை, சட்டி கழுவும்போது, தன் கை தன் கையைத் தொடுவது அவளுக்கே புதிதாக இருந்தது. குழாயை மூடாமல் நின்று அழுதாள். அப்பா அம்மா இறந்தபோதுகூட அப்படி அழுததில்லை என்று கணவன் லோகேஸ்வரன் இன்றும் கேலி செய்வார்.

அந்தக் கண்ணீரில்தான் வியாபாரம் தொடங்கியது. லோகேஸ்வரன் லோரி ஓட்டிச் சேர்த்ததைக் கொடுத்தார். இருபத்து நான்கு டப்பாக்கள் வந்து இறங்கின. பிள்ளைகள் கைபடாத இடம் வேண்டுமென்று அவற்றை இரும்பு அலமாரியின் உச்சியில் அடுக்கினாள். அதற்கு ஒரு முழம் மேலே தகரக் கூரை.

இரண்டு மாதம் கழித்து ஒன்றைத் திறந்து பார்த்தாள். எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. பழைய மெழுகுவர்த்தி வாசனை. அடுத்ததைத் திறந்தாள், அதுவும் அப்படித்தான். மூடி வைத்திருந்தாலும் கூரைச் சூடு உள்ளே போய் எல்லாவற்றையும் வேகவைத்திருந்தது. முந்தின நாள்தான் முதன்முதலாக ஒன்றை அடுத்த லயத்து நவமணிக்கு விற்றிருந்தாள். நினைவு வந்ததும் செருப்புப் போடாமல் ஓடினாள்.

"அண்ணி! மொகத்துல போட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நல்ல நாளுக்குன்னு வெச்சிருக்கேன். ஏன்?"

டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செம்பனை மரத்தடியில் உட்கார்ந்தாள். இருபத்து நான்கையும் அன்றே குப்பையில் போட்டாள். ஒவ்வொன்றாகப் போடும்போதும் பெற்ற பிள்ளையைப் புதைப்பது போலிருந்தது. ஆனாலும் ஒன்றைக்கூட, பாதி விலைக்குக்கூட, யாருக்கும் விற்கவில்லை.

அதன்பிறகு அவள் வேறு ஆளானாள். டப்பாவின் கீழே எறும்புக் கால்போல அச்சிட்டிருக்கும் தேதிகளைப் படிக்கக் கண்ணாடி வாங்கினாள். மூடி திறந்த குட்டி டப்பா படமும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதம்தான் ஆயுள் என்று தெரிந்துகொண்டாள். திறக்காவிட்டாலும் ஆயுள் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டாள். வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, ஈரக்கை ஆகாது. மீன் பெட்டி வந்தது. அடியில் ஐஸ் பொட்டலம், அதன்மேல் மடித்த துண்டு, அதன்மேல் டப்பாக்கள். உறையவும் கூடாது, வேகவும் கூடாது.

விற்பதோடு விடமாட்டாள். வீட்டுக்குள் போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். குளியலறை ஜன்னலில் வைத்திருப்பார்கள். குளிர்பெட்டியின் தலைமேல் வைத்திருப்பார்கள், குளிர்பெட்டியாச்சே என்று! ஒரு வீட்டில் சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

"சாமிகிட்ட இருந்தா கெட்டுப் போகாதுன்னு நெனச்சேன் வள்ளி."

"காலையிலயும் சாயந்திரமும் வெளக்கு எரியுதில்லக்கா. சாமி தாங்குவாரு. கிரீம் தாங்குமா?"

எறும்புக் கால் எழுத்துகளை எல்லாராலும் படிக்க முடியாது. அதற்கும் ஒரு வழி கண்டாள். தான் விற்கும் ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் நிறம் மாறும். இந்த ஆண்டு செக்கச்சிவப்பு, போன ஆண்டு மண்நிறம், அதற்கு முன் நீலம். அவள் வீட்டுச் சமையலறைக் கதவில் எல்லா ஆண்டுப் பொட்டுகளும் வரிசையாக இருக்கும். புக்கிட் ரோத்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் அந்தக் கணக்கு தெரியும். "என்னுது நீலம். தூக்கிப் போடணுமா வள்ளி?" என்று வாசலிலிருந்தே கத்துவார்கள்.

இப்படி ஒன்பது ஆண்டு அலைந்து, கடைசியில் புக்கிட் ரோத்தானில் ஒரு சின்னக் கடை எடுத்தாள். உள்ளே குளிர்சாதனம், ஜன்னலில் கெட்டித் திரை. வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு. பெயர்ப்பலகை வந்துவிட்டது. ஆண்டுக்கணக்காய்ச் சேலைக்குள் ஒளித்த கைகளால் அந்தப் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

புதன்கிழமை காலை அவள் தலையில் இடி விழுந்தது.

நவமணியின் நாத்தனாரான நாகமணியின் மகள் துளசிக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை திவாகரன், தஞ்சோங் காராங்கில் வேலை. திங்கள்கிழமை பரிசம். மாப்பிள்ளை வீட்டார் இருபத்தொரு சீர்த் தட்டு கொண்டுவந்தார்கள். பழம், சேலை, இனிப்பு, வளையல். நடுத் தட்டில் தங்கக் காகிதமும் தங்க ரிப்பனும் சுற்றிய ஒரு பெட்டி. உள்ளே முகம் கழுவ ஒன்று, சீரம் ஒன்று, கிரீம் ஒன்று. துளசியால் பொறுக்க முடியவில்லை. செவ்வாய் காலையே பிரித்துவிட்டாள். சீரம் கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருந்தது. தங்கப் பெட்டியில் வந்ததல்லவா, தங்கச் சத்துதான் என்று நினைத்து மூன்று வேளை பூசினாள்.

புதன் விடிந்தபோது அவள் கன்னமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. கண் பாதிதான் திறந்தது. பெட்டியின் பக்கத்தில் ஒரு பழைய ஸ்டிக்கர், அதில் அம்சவள்ளியின் பெயரும் கைப்பேசி எண்ணும்.

நாகமணியின் குரல் அரை மணி நேரத்தில் எல்லாத் தோட்டத்து வாட்சப் குழுக்களிலும் ஓடியது. "என் பொண்ணு கல்யாணத்த நாசம் பண்ணிட்டா! மீன் பெட்டியில வெச்சு விக்கிறா, அதான் என் புள்ள மொகம் திருக்கை மீனாட்டம் ஊதிப் போச்சு! வெள்ளிக்கெழம அவ கடையில எவளாச்சும் காலு வெச்சீங்க, நடக்கிறதே வேற!"

அம்சவள்ளி அதை முழுதும் கேட்டாள். கைப்பேசி நழுவித் தரையில் விழுந்தது.

"போகாத லா," என்றார் லோகேஸ்வரன். "சூடா இருக்காங்க. ரெண்டு நாளு ஆறட்டும்."

"ரெண்டு நாள்ல கட தொறக்கணுங்க. ஆற வெச்சா எம் பேரும் சேந்து ஆறிடும்."

வண்டியை எடுத்தாள். பின்னால் மீன் பெட்டியும் போனது.

நாகமணி வீட்டில் உறவுக் கூட்டம். செய்தி கேட்டு மாப்பிள்ளையின் அம்மா மாலாவும் வந்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சீர்த் தட்டுகள் இன்னும் கூடத்தில்தான் இருந்தன. அம்சவள்ளி வாசலில் கால் வைத்ததும், "வந்துட்டா லா மீனுக்காரி," என்றது ஒரு குரல்.

"பொண்ணு எங்க?" என்றாள் அம்சவள்ளி.

"எதுக்கு? இன்னும் எதாச்சும் பூசவா?" நாகமணி மறித்தாள்.

"பூசுனதை எடுக்கணும்க்கா. அப்புறம் என்னை அடிக்கணுமின்னாலும் அடிங்க."

உள்ளே துளசி முகம் நிறைய மஞ்சளும் சந்தனமும் அப்பிக்கொண்டு கிடந்தாள், அம்மாவின் வைத்தியம். அம்சவள்ளி பச்சைத் தண்ணீரால் மெல்லக் கழுவினாள். மீன் பெட்டியைத் திறந்து, ஐஸ் பொட்டலத்தைச் சுத்தமான துணியில் சுற்றிக் கன்னத்தில் ஒற்றினாள். துளசி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம நான் எப்படிக்கா மேடையில ஒக்காருவேன்?"

"ஒக்காருவே. ராணியாட்டம் ஒக்காருவே. இப்ப எழுந்திரு, கிளினிக்குப் போவோம்."

கோலசிலாங்கூரில் டாக்டர் சர்மிளா முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து கொடுத்தார். "இதைத் தவிர வேற எதுவும் மொகத்தில படக்கூடாது. மஞ்சளும் வேண்டாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள நல்லா வடிஞ்சிரும் எண்டு நினைக்கிறன்." பிறகு கேட்டார்: "பூசின சாமான் எத்தனை வருஷம் பழசு?"

"புதுசு டாக்டர்," என்றாள் நாகமணி. "திங்கக்கெழமதான் வந்துச்சு."

டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்சவள்ளி கூடத்தின் நடுவில் நின்றாள். "அந்தப் பெட்டியைக் காட்டுங்க."

கொண்டுவந்தார்கள். சீரம் புட்டியைக் கையில் எடுத்துக் குப்புறத் திருப்பினாள். பெட்டிக்குள் விரித்திருந்த தங்கக் காகிதம் சூட்டில் ஒட்டிக்கொண்டு தேதியை மூடியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். காகிதம் உரிந்தது. அடியில், பாதி உலர்ந்த தூரிகையால் வைத்ததுபோல், ஒரு பொட்டு.

பச்சை.

மூலையில் யாரோ, "பச்சையா? பச்சை எம்.சி.ஓ. வருஷம் லா!" என்றார்கள். கூட்டம் மொத்தமும் கலைந்த தேன்கூடு ஆனது. "ஆமா, ஊரே பூட்டிக் கெடந்த வருஷம்!" "எங்கிட்ட ஒரு பவுடர் அந்தக் கலர்ல இருந்துச்சு, அப்பவே வீசிட்டேன்!" "அஞ்சு வருஷமாச்சே!"

"அதெப்படி?" மாலா எழுந்துவிட்டார். "ரிப்பன்கூட அவுக்காம கொடுத்தது. புத்தம் புதுசு!"

"ரிப்பன் புதுசுதாம்மா," என்றாள் அம்சவள்ளி. "புட்டி புதுசு இல்ல. என் கையை விட்டுப் போனப்போ இது தண்ணியாட்டம் தெளிவா இருந்துச்சு. இப்ப கருப்பட்டியாட்டம் இருக்கு. மூணு வருஷத்துக்கு மேல தாங்காது, அதுவும் குளுமையில வெச்சாத்தான். இது எத்தன வெயில் பாத்திருக்கோ."

"அப்போ யாருக்கு வித்தே? சொல்லு. உன் பொட்டுன்னா உனக்குத் தெரியணுமில்ல!" என்றார் மாலா.

அம்சவள்ளிக்குத் தெரியும். மின்னல் வெட்டியதுபோல் தெரிந்துவிட்டது. ஊர் பூட்டிக் கிடந்த அந்த ஆண்டில் அவள் விற்ற தங்கப் பெட்டி ஒன்றே ஒன்று. முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஒரு கேட்டுக்கு வெளியே நின்று, கம்பி இடுக்கில் நீட்டினாள். வாங்கிய கை நாகமணியின் கை. இருபது பேரோடு நடந்த நவமணி மகள் கல்யாணத்துக்கு, அத்தை முறைச் சீருக்கென்று வாங்கியது.

வாயைத் திறந்தால் போதும். பெயர் மீளும். கடை பிழைக்கும். ஆனால் எதிரே நாற்காலியில் சம்பந்தி. உள்ளே ஐஸ் ஒத்தடத்தோடு மணப்பெண். கல்யாணத்துக்கு நாலே நாள். இந்தச் சபையில் பெண்ணின் தாய் தலை குனிந்தால், அந்தக் குனிவு துளசியோடு புகுந்த வீடுவரை போகும்.

அம்சவள்ளி நாகமணியைப் பார்த்தாள். நாகமணியின் முகத்தில் ரத்தம் இல்லை. அவளுக்கும் நினைவு வந்துவிட்டது.

"சொல்ல மாட்டேம்மா," என்றாள் அம்சவள்ளி.

"பாத்தீங்களா? கதை விடுறா!" என்றது முதலில் கேலி செய்த அதே குரல். "பேரு சொல்ல முடியலன்னா பொய்தானே!"

"பொய்யின்னே வெச்சுக்குங்க. என்கிட்ட வாங்குனவங்க நல்ல மனசோடதான் வாங்குனாங்க. அவங்கள நடுவீட்டுல நிறுத்தித்தான் நான் கட தொறக்கணுமின்னா, அந்தக் கட எனக்கு வேணாம்." புட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடி வாசலுக்கு நடந்தாள். ஒன்பது ஆண்டு அலைச்சலும் அந்தப் பத்தடித் தூரத்தில் அவளோடு நடந்தது.

"வள்ளி, நில்லு!"

நாகமணி. அவள் தன் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வாங்குனேன். எல்லாரும் கேட்டுக்குங்க. அந்தப் பெட்டி நான் வாங்குனது. நவமணி வீட்டுக் கல்யாணத்துக்குச் சீர் வெச்சேன்." அழுகையில் வார்த்தை முட்டியது. "நான் வெச்ச சீரே எம்பொண்ணு மொகத்துல வந்து விழுந்திருக்கு."

எல்லார் கண்களும் கூட்டத்தில் நின்ற நவமணிமேல் திரும்பின. நவமணி ஓரடி முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்துச்சு, இல்லேங்கல. பாக்க அழகா இருந்துச்சு, பிரிக்க மனசு வரல. கண்ணாடி அலமாரியில வெச்சேன். சாயந்திர வெயில் நேரா அடிக்கும், பளபளன்னு மின்னும். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு வளைகாப்புக்குக் குடுத்துட்டேன்."

"எங்க வளைகாப்புதான்," என்றாள் சுவரோரம் நின்ற ஒருத்தி மெதுவாக. "நான் எங்க நாத்தனார் புதுவீட்டுக்கு வெச்சேன். வேற காகிதம் சுத்தி."

நாத்தனாரும் அங்கேதான் இருந்தாள். அவள் விரல் நீட்டவில்லை. பார்வை மட்டும் தயங்கித் தயங்கி மாலாவிடம் போய் நின்றது.

மாலா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். இவ்வளவு நேரம் இருந்த விறைப்பு எங்கோ போய்விட்டது. நாத்தனாரைப் பார்த்துச் சொன்னார். "எங்க அண்ணன் மக கல்யாணத்துக்கு நீதானே வெச்சே. அவ என்கிட்டக் குடுத்துட்டா. நான் ரிப்பன மாத்திக் கொண்டாந்தேன். புதுசுன்னு சொன்னது தப்புதான் சம்பந்தி."

ஐந்து வீடு. ஐந்து ஆண்டு. ஐந்து கண்ணாடி அலமாரி. ஒருத்திகூடத் தன் முகத்துக்கென்று அந்த மூடியைத் திறக்கவில்லை. நல்லதென்று கைக்கு வந்ததையெல்லாம் அடுத்தவருக்கே எடுத்து வைத்த பெண்கள் அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் சிரித்தது துளசிதான். அறை வாசலில், கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு நின்றவள், "சிரிச்சா வலிக்குது, ஆனாலும் முடியல," என்றாள். "அம்மா, நீங்க வெச்ச சீர் ஊரு சுத்திப் பாத்துட்டு வீட்டுக்கே வந்துடுச்சும்மா!" பிறகு மாலாவுக்குச் சிரிப்பு வந்தது. நாகமணி அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று மாலையே நாகமணியின் குரல் மறுபடி எல்லாக் குழுக்களிலும் கேட்டது. அடுத்தவரைத் திட்டியபோது இருந்த அதே உரப்பு. "காலையில நான் பேசுனது பூராவும் தப்பு. வள்ளி வித்தது நல்ல சாமான். கெடுத்தது நாம. அவ அவமானத்த வாங்கிக்கிட்டு எம்மானத்தக் காப்பாத்துனா. வெள்ளிக்கெழம அவ கடைக்கு வராதவங்க எம்பொண்ணு கல்யாணத்துக்கும் வராதீங்க!"

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைக்கு வெளியே வரிசை. புக்கிட் ரோத்தானிலிருந்தும் ஜெராமிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. கண்ணாடி அலமாரிகளில் பல ஆண்டுகளாகக் கொலுவிருந்த பெட்டிகளையெல்லாம் தூக்கி வந்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஊதா!" "ஆரஞ்சு! அம்மாடி, இது எப்போ?" என்று கூவிக்கொண்டே வாசலில் வைத்த நீலப் பீப்பாயில் போட்டார்கள். மதியத்துக்குள் பீப்பாய் நிரம்பிவிட்டது. லோகேஸ்வரன் தன் லோரியில் ஏற்றிக்கொண்டு, "இத்தன வருஷத்துல இவ்வளவு அழகை நான் ஏத்துனதே இல்ல லா," என்றார்.

விளக்கேற்றியவள் துளசி. கன்னத்தில் சிவப்பு மங்கி, வீக்கம் பெரும்பாலும் வடிந்திருந்தது. பவுடர்கூடப் போடாத முகத்தில் கண்கள் இரண்டும் முழுதாகத் திறந்திருந்தன.

முதல் வியாபாரத்துக்கு மாலாவும் நாகமணியும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

"தங்கப் பெட்டி ஒண்ணு குடு," என்றார் மாலா.

"சீர்த் தட்டுக்குன்னா இனிமே விக்கிறதில்லம்மா," என்றாள் அம்சவள்ளி. "யாரு மொகத்துக்கு, சொல்லுங்க. தரேன்."

மாலா திகைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நாகமணியின் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"எனக்குத்தான்," என்றாள் நாகமணி முந்திக்கொண்டு. "எம் மொகத்துக்கு."

"எனக்கும்தான் லா," என்றார் மாலா.

அம்சவள்ளி இரண்டு டப்பாக்களை எடுத்தாள். அடியில் செக்கச்சிவப்பாய் ஆளுக்கொரு பொட்டு வைத்தாள். காய்ந்ததும் நீட்டினாள். ஆனால் கையை விடவில்லை.

"இங்கயே தொறங்க."

முத்திரை கிழியும் சத்தம் இரண்டு முறை கேட்டது. இரண்டு சம்பந்திகளும் சின்னப் பிள்ளைகள்போல் விரல் நுனியில் தொட்டுத் தங்கள் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். குளுமை ஏறியதும் மாலா கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள்.

அம்சவள்ளியும் தட்டினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, எல்லாரும் பார்க்க, ஓங்கி ஓங்கித் தட்டினாள்.